அனுமதி பெற்ற சாதனங்கள்

ரசம் ஊற்றிய சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்த குணசீலனின் கை மெல்ல நின்றது. உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு. அப்படியே தலை சாய்ந்தது. கை சரிந்ததில் பக்கத்திலிருந்த ரசக் கிண்ணம் கவிழ்ந்து, ஆவி பறக்கும் ரசம் மார்பிலும் மணிக்கட்டிலும் வழிந்தது. அவர் முகம் சுளிக்கக்கூட இல்லை.

அடுப்படியிலிருந்து ஓடி வந்த வசந்தமணி முதலில் புருஷனைப் பார்க்கவில்லை. கூடத்து மூலையில் மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டரைத்தான் பார்த்தாள். திரை இருண்டு கிடந்தது. பெட்டியின் முன்பக்கம் ஆரஞ்சு விளக்கு மட்டும் மூச்சு விடுவதுபோல் மங்கியும் தெளிந்தும் எரிந்துகொண்டிருந்தது. மறுபடியும் தூங்கிவிட்டது.

ரேகை வைக்கும் பட்டையில் கட்டைவிரலை அழுத்தினாள். விரலில் கோதுமை மாவு ஒட்டியிருந்ததால் அது ஏற்கவில்லை. நைட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினாள். பெட்டிக்குள் காற்றாடி சுழலும் சத்தம் கேட்டது. திரை வெளுத்தது. குணசீலன் கண்ணைத் திறந்தார். திறந்ததும்தான் சூடு உறைத்தது போலும், "அய்யோ" என்று துள்ளி எழுந்தார்.

அவள் குழாயடியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் விழ விழத் தோல் சிவந்து கொப்புளித்தது.

"என்னாச்சு மாமா? உங்களுக்கு ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

"இல்ல புள்ள" என்றார் அவர். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மீசை அரும்பிய வயதில் லாரியில் கிளீனராக ஏறி, டிரைவரானவர் குணசீலன். நாமக்கல்லில் லோடு ஏற்றினால் புனே, நாக்பூர் என்று போய்த் திரும்பப் பல நாள் ஆகும். அத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட வண்டியை எங்கேயும் தட்டியதில்லை. கடைசியில் விபத்து நடந்தது வீட்டுக்குள்தான். கண்ணாடி முன் சவரம் செய்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். மூளைக்குள் ரத்தக் குழாய் வெடித்திருந்தது.

பெரிய டாக்டர் வசந்தமணியை உட்காரவைத்துச் சொன்னார். "ஒரு வீட்ல லைட்டு, ஃபேனு, மோட்டாரு எல்லாம் நல்லா இருக்குதும்மா. மெயின் சுவிட்ச் மட்டும் எரிஞ்சு போச்சுன்னு வெச்சுக்கங்க. உங்க வீட்டுக்காரருக்கு அந்தக் கதைதான். நெனப்பு, பேச்சு, கை, கால் எதுக்கும் சேதாரமில்ல. முழிப்பக் கொடுக்கற எடந்தான் போயிருச்சு. விட்டா இப்படியே தூங்கிட்டு இருப்பாரு."

"எத்தன நாளைக்குங்க?"

"இருக்கற வரைக்கும்."

அதற்கு ஒரு வழி புதிதாக வந்திருப்பதாகவும் அவரே சொன்னார். காதுக்குப் பின்னால் எலும்புக்குள் அரிசி மணி அளவில் ஒரு கருவி வைப்பார்கள். எரிந்துபோன சுவிட்சுக்குப் பதில் அது மூளையைத் தட்டிக்கொண்டே இருக்கும். எந்த நொடியில் எவ்வளவு தட்ட வேண்டும் என்ற கணக்கைப் போட அந்தச் சின்னக் கருவிக்குத் திராணி கிடையாது. வீட்டில் இருக்கும் சாதாரணக் கம்ப்யூட்டர் அந்தக் கணக்கைப் போட்டு, காற்று வழியாக அனுப்பும். அந்த மென்பொருளுக்கு உதயம் என்று பேர் வைத்திருந்தார்கள். இரவு பத்து மணிக்குக் கம்ப்யூட்டர் தூங்கும், அவரும் தூங்குவார். காலை ஆறுக்கு அது விழிக்கும், அவரும் விழிப்பார். இடையில் தூங்கவைக்கவோ எழுப்பவோ வேண்டியிருந்தால் பராமரிப்பவரின் கட்டைவிரல் வேண்டும். அது வசந்தமணியின் விரல்.

அவள் கையெழுத்துப் போட்டாள். குணசீலன் எழுந்து உட்கார்ந்தார், பேசினார், சண்டை போட்டார், முட்டைப் பொரியல் கேட்டார். ஒரே குறை, வீட்டு வாசற்கதவைத் தாண்டினால் கால் தள்ளாடும், கண் செருகும். கையில் எடுத்துப் போகிற மாதிரி ஒரு கருவி வரப்போகிறது என்று கம்பெனி சொல்லிக்கொண்டே இருந்தது. அதற்குள் கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கி, இந்த வியாபாரமே வேண்டாம் என்று இழுத்து மூடிவிட்டது. உதவி எண் மட்டும் எப்படியோ உயிரோடு இருந்தது. கூப்பிட்டால் ஒரு பெண் குரல் எடுக்கும். மனுஷிக் குரல் இல்லை.

"உங்கள் கணினியை ஒருமுறை அணைத்துவிட்டு, மீண்டும் இயக்கிப் பார்த்தீர்களா?"

"அணைக்கக் கூடாதுங்க, அதுலதான் எங்க வீட்டுக்காரரு..."

"மன்னிக்கவும், புரியவில்லை. உங்கள் கணினியை ஒருமுறை அணைத்துவிட்டு..."

மாசிக்கு முன்னால்தான் இந்தத் தொல்லை ஆரம்பித்தது. பட்டப்பகலில், கேட்பாரில்லாமல் கம்ப்யூட்டர் தூங்கத் தொடங்கியது. முதலில் எப்போதாவது மத்தியானத்தில். பிறகு தினமும். அப்படித் தூங்கினால் தானாக எழுந்திருக்கவும் செய்யாது. அவள் விரல் வைத்தால்தான் உண்டு. அதனால் வசந்தமணி கடைக்குப் போவதை விட்டாள். கல்யாணம், காது குத்து என்று எதற்கும் போகவில்லை. குளிக்கப் போனால் கதவைச் சாத்தாமல் குளித்தாள். ராத்திரியில் அவர் தூங்கும்போதும் அவளுக்குத் தூக்கம் இல்லை. காலையில் அது எழுந்திருக்காமல் போனால் என்ன செய்வது என்ற பயம்.

ரசம் கொட்டிய மறுநாள், பஸ் நிலையத்துப் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த ஹசீனாவை அவள் வரவழைத்தாள். ஹசீனா முன்பு அதே கம்பெனியில் வேலை பார்த்தவள். உதயத்தை அறிந்த வேறு யாரும் ஊரில் இல்லை.

ஹசீனா கொண்டுவந்த பையை இறக்கிவைத்துவிட்டு நேராக மேஜைக்கடியில் நுழைந்தாள். மின்சாரம் ஏறி இறங்குகிறதா என்று அளந்தாள். பேட்டரிப் பெட்டியை மாற்றிப் பார்த்தாள். மவுஸைப் பிடுங்கினாள்.

"மவுஸ்ல என்ன கண்ணு இருக்குது?"

"சில வீட்ல தெருவுல லாரி போற அதிர்ச்சிக்கே மவுஸு அசைஞ்சு கம்ப்யூட்டரு முழிச்சுக்கும்க்கா. தூங்கறதுக்கும் முழிக்கறதுக்கும் இப்படி ஏதாச்சும் சின்னக் காரணந்தான் இருக்கும். ஒவ்வொண்ணா விலக்கிட்டு வரணும்."

ஒவ்வொன்றையும் விலக்கிப் பார்க்க, ஒவ்வொரு முறையும் தூங்கவைத்து எழுப்ப வேண்டியிருந்தது. குணசீலன் சாய்வு நாற்காலியில் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், இன்னொரு தடவ தூங்கவெக்கட்டுங்களா?"

"வெய்யம்மா. ஆனா நான் சொல்லிட்டு இருந்தேனே, சோலாப்பூர் பக்கத்துல ஒரு தாபா..." கண் செருகியது. வசந்தமணி விரல் வைத்தாள். "...அங்க வெங்காயம் மட்டும் கேக்கக் கேக்கத் தருவான்" என்று அவர் முடித்தார். நடுவில் பத்து நிமிஷம் போனது அவருக்குத் தெரியவில்லை.

நாலைந்து முறை இப்படி நடந்த பிறகு வசந்தமணி கையை இழுத்துக்கொண்டாள். "போதும் கண்ணு. பொம்மைக்குச் சாவி குடுக்கற மாதிரி இருக்குது" என்றாள்.

"கடைசியா ஒண்ணுக்கா. சார சும்மா விட்டுருவோம். அவரு பாட்டுக்கு இருக்கட்டும். நான் திரையப் பாக்கறேன்."

மூவரும் டீ குடித்தார்கள். குணசீலன் குடித்து முடித்த தம்ளரை ஜன்னலில் வைத்தார். வெளியே வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் இரண்டு கைகளும் மடியில் ஏதோ உருண்டையான பொருளைப் பிடித்திருப்பதுபோல் விரிந்தன. மெல்லத் தளர்ந்தன. திரை அணைந்தது.

அணைவதற்கு முன் திரையில் ஓடிய கடைசி வரியை ஹசீனா படித்திருந்தாள். பிறகு வசந்தமணியிடம், "அக்கா, விரல் வெச்சு எழுப்பிடாதீங்க. கொஞ்சம் அடுப்படிக்கு வாங்க" என்றாள். அவர் தூங்கிக்கொண்டுதான் இருந்தார். இருந்தாலும் குரலைத் தாழ்த்தினாள்.

"கம்ப்யூட்டர்ல ஒரு பழுதும் இல்ல. எல்லாக் கம்ப்யூட்டர்லயும் அனுமதி பெற்ற சாதனங்கள்னு ஒரு எடம் உண்டு. கீபோர்டு, மவுஸு, இதெல்லாம் இந்தக் கம்ப்யூட்டர எழுப்பலாமா, தூங்கவெக்கலாமான்னு அங்கதான் டிக் பண்ணி வெப்பாங்க. உங்க கம்ப்யூட்டர்ல அதுல சார் பேரும் இருக்குது."

"அவரு பேரா?"

"ஆமா. கீபோர்டுக்குக் கீழ. காதுக்குப் பின்னால இருக்கற கருவி சார் மூளையத் தட்டறது மட்டுமில்ல, அங்க நடக்கறதயும் கேக்குது. அவருக்கு அசதி வந்தா ராத்திரி சீக்கிரம் தூங்கவெக்கட்டும்னு கம்பெனியில அப்படிக் குடுத்தாங்க. இப்ப சார் என்னமோ நெனைக்கறாரு. அத நெனைச்சா கருவி தூக்கம்னு எடுத்துக்குது. கம்ப்யூட்டருக்குச் சொல்லுது. அது படுத்துக்குது."

"அப்ப அவரேதான் தூங்கறாரா?"

"அவரேதான்க்கா."

"அப்ப அவரே எந்திரிக்கவும் செய்யலாமில்ல?"

ஹசீனா இல்லை என்று தலையசைத்தாள். "எழுப்பற கட்டத்துல அவருக்கு டிக் இல்ல. அது சாம்பல் நெறத்துல செத்துக் கெடக்குது. தொட முடியாது. தூங்கிப்போன ஆளு எப்படிக் கம்ப்யூட்டர எழுப்புவாருன்னு அவங்க நெனச்சிருப்பாங்க."

ஹசீனா போன பிறகு வசந்தமணி விரல் வைத்தாள். அவர் எதிரில் தரையில் உட்கார்ந்து கேட்டாள். "என்ன மாமா நெனைக்கறீங்க? தூங்கறதுக்கு முன்னால என்னத்த நெனைக்கறீங்க?"

அவர் மறைக்கவில்லை. பிடிபட்ட பிள்ளை மாதிரி கொஞ்ச நேரம் கொப்புளத்தைத் தடவிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

"தொப்பூர் எறக்கம்."

"என்னது?"

"வடக்க இருந்து வாரப்ப தர்மபுரி தாண்டுனா தொப்பூர் எறக்கம் வரும். விடிய இன்னும் நேரம் கெடக்கும். எறங்கிட்டா சேலம், அதத் தாண்டுனா வீடு. ரெண்டு நாளாத் தூங்காத ஒடம்பு, அந்த எறக்கத்துல சொல்லும் பாரு, 'விட்டுரு, விட்டுரு'ன்னு. ஸ்டீரிங்கு பஞ்சாட்டம் ஆயிரும். அந்த ஒரு நிமிசம் இருக்குதே, அத மாதிரி ருசி ஒலகத்துல கெடையாது புள்ள. ஆனா விட்டா செத்தோம். மொளகாயக் கடிச்சு, தொடையக் கிள்ளி, ஓனரு போன் போட்டு 'முழிச்சிருக்கியாடா'ன்னு கேக்க, 'முழிச்சிருக்கேனுங்க'ன்னு சொல்லி... ஒவ்வொரு தடவயும் அத விடாமப் புடிச்சு நிறுத்தித்தான் வீட்டுக்கு வந்தேன். இப்ப ஒரு நாள் சும்மா உக்காந்து அத நெனச்சேன். ஸ்டீரிங்க விட்டேன். போயிருச்சு."

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"முழிப்பு என்னுது இல்ல. அது கம்ப்யூட்டரு குடுக்கறது. ராத்திரித் தூக்கமும் என்னுது இல்ல. பத்து மணின்னா வெளக்க அணைக்கற மாதிரி அணைச்சுப்போடுது. இது ஒண்ணுதான் நானாத் தூங்கறது."

"கையில சுடுரசம் இருக்கறப்பவா மாமா?"

அந்த வெளிச்சம் போய்விட்டது. "அது வேணும்னு செய்யல. இப்பெல்லாம் நெனப்பு லேசா வந்தாலே எறங்கிருது. புடிச்சு நிறுத்த முடியறதில்ல."

அன்று சாயங்காலம் ஹைதராபாத்திலிருந்து மகள் மிருதுளா கூப்பிட்டாள். எல்லாவற்றையும் கேட்டவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"டிக்க எடுத்துடச் சொல்லும்மா. அப்பா மாடிப்படியில நிக்கறப்போ நெனப்பு வந்தா? நீ பாத்ரூம்ல வழுக்கி விழுந்து கெடக்கறப்போ அவரு இந்தப் பக்கம் தூங்கிட்டாருன்னா? ரெண்டு பேரையும் யாரு வந்து எழுப்பறது?"

"அவருக்கு அது ஒண்ணுதான்டீ புடிச்சிருக்குது."

"உயிர விடவா?"

வசந்தமணி போனை வைத்தாள். மகள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அவர் சொன்னதிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்தது அவள் கட்டைவிரல் ஒன்றுதான்.

ஹசீனா மறுபடி வந்தபோது குணசீலன் மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். அவராகவே போன தூக்கம். ஹசீனா தன் லேப்டாப்பைப் பெட்டியோடு இணைத்து, அது தூங்கும்போதே அந்த இடத்தை அதில் திறந்து வைத்துவிட்டு, "சாரக் கேட்டுட்டீங்களாக்கா?" என்றாள்.

"கேட்டா வேணாம்பாரு."

"எழுப்பிக் கேக்கலாமே."

"எழுப்புனா எனக்குத் தைரியம் வராது கண்ணு."

ஹசீனா நாற்காலியிலிருந்து எழுந்து தள்ளி நின்றுகொண்டாள். கீபோர்டு, மவுஸ், அதற்குக் கீழே குணசீலன் என்ற பெயர். பெயருக்கு எதிரே ஒரு சின்ன டிக். வசந்தமணி விரலை வைத்தாள். டிக் மறைந்தது. பிறகு அவரை எழுப்பி டீ கொடுத்தாள். நடந்ததைச் சொன்னாள்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். "சரி" என்றார். "உனக்கும் கஷ்டந்தானே" என்றார். டீயில் சர்க்கரை போதுமா என்று கேட்டதற்கும் "சரி" என்றுதான் சொன்னார்.

அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் ஒருநாளும் தவறவில்லை. ஆறுக்கு விழித்தது, பத்துக்குத் தூங்கியது. மிருதுளா நிம்மதியானாள். வசந்தமணி கதவைச் சாத்திக்கொண்டு குளித்தாள். கடைக்குப் போய் வந்தாள்.

ஒருநாள் கடையிலிருந்து திரும்பியபோது குணசீலன் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கைகள் மடியில் விரிந்திருந்தன. நெற்றி முழுக்க வியர்வை. பதறிப்போய் மேஜையைப் பார்த்தாள். திரை வெளிச்சமாக இருந்தது. விழித்துத்தான் இருந்தார்.

"மாமா, என்ன பண்ணுது?"

"எறங்கிட்டிருக்கேன்" என்றார் கண்ணைத் திறக்காமலே. "ஸ்டீரிங்க விட்டுட்டேன். வண்டி போயிட்டே இருக்குது. எறக்கம் முடிய மாட்டேங்குது."

"போதும். கண்ணத் தெறங்க."

"தெறந்தாலும் போயிட்டுத்தான் இருக்குது புள்ள. தூக்கம் தொட்டுத் தொட்டு வருது, வந்து சேர மாட்டேங்குது. முந்தி புடிச்சு நிறுத்தத் தெரிஞ்சுது. இப்ப அதுவும் மறந்துபோச்சு."

அவள் அந்தக் கணமே ஹசீனாவுக்குப் போன் செய்தாள். "கண்ணு, அந்த டிக்கத் திருப்பி வெச்சுக் குடுத்துரு. ரசங் கொட்டுனாக் கொட்டட்டும். நான் பக்கத்துலயே இருந்துக்கறேன்."

ஹசீனா வந்து வெகுநேரம் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் முதுகு குனிந்துகொண்டே போவதைப் பார்த்தே வசந்தமணிக்குப் புரிந்துவிட்டது.

"அந்தக் கட்டமும் சாம்பலாயிருச்சுக்கா. எடுக்கறதுக்கு உங்க விரல் போதும். திருப்பி வெக்கறதுக்குக் கம்பெனி டாக்டரு ஒப்புதல் குடுக்கணுமாம். கம்பெனியே இல்ல, டாக்டருக்கு எங்க போறது? எனக்கு இது முன்னமே தெரியாமப் போச்சுக்கா. சத்தியமாத் தெரியாது."

"மொத்தமா அழிச்சுப்போட்டுப் புதுசாப் போட முடியாதா?"

"அழிச்சாப் புதுசாப் போடறதுக்கு அவங்க சர்வர்கிட்டக் கேக்கணும். அது பதில் சொல்லலைன்னா சார் எந்திரிக்கவே மாட்டாரு. உள்ள பூந்து மாத்தவும் என்னால முடியும்தான். ஒரு எழுத்துத் தப்பாப் போனாலும்..." ஹசீனா கையைப் பிசைந்தாள். "என்னக் கேக்காதீங்கக்கா. என் கைக்கு அந்தத் தைரியம் இல்ல."

பெரிய டாக்டர் ஓய்வு பெற்று மகனோடு வெளிநாடு போய்விட்டார். உதவி எண்ணில் அந்தக் குரல் பொறுமையாக, அணைத்துவிட்டு மீண்டும் இயக்கச் சொன்னது. வசந்தமணி போனைக் கட்டிலில் எறிந்தாள். வந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"நான் விரல் வெக்கறேன் மாமா. நீங்க எப்ப சொன்னாலும் தூங்கவெக்கறேன். ஒரு வார்த்த சொல்லுங்க போதும்."

அவர் அவள் கட்டைவிரலைப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். சமையலில் வெந்து, வெட்டுப்பட்டுக் காய்ந்த விரல்.

"உங்கிட்டக் கேட்டுத் தூங்கறதா? வேண்டாம் புள்ள. அது நானாத் தூங்கறது ஆகாது." பிறகு அவர், "உன்ற கண்ணப் பாரு, குழி விழுந்து கெடக்குது. போயிக் கொஞ்சம் படு. நான் எங்கயும் போயிர மாட்டேன், முழிச்சுட்டுத்தான் இருப்பேன்" என்றார்.

சும்மா தலையை மட்டும் சாய்க்கலாம் என்று போனாள்.

கண் திறந்தபோது ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளாகி மங்கிக்கொண்டிருந்தது. மாசிக்கு முந்திய காலத்திலிருந்து தூங்காத தூக்கமெல்லாம் சேர்ந்து அவளை அடித்துப் போட்டிருந்தது. எந்த நாள், எந்த வேளை என்றே பிடிபடவில்லை. தடுமாறி எழுந்து கூடத்துக்கு வந்தாள்.

குணசீலன் வாசற்கதவை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அழைப்பு மணியின் ஒயரைப் பிடுங்கி வைத்திருந்தார். மிக்ஸி, குக்கர் எதுவும் சத்தம் போடவில்லை. மத்தியானம் வைத்த ஆறிய சோற்றை அவரே போட்டுச் சாப்பிட்டிருந்தார். அவள் போன் அவர் மடியில் குப்புறக் கிடந்தது. எதிர்வீட்டு அம்மாள் பாதி திறந்த கதவுக்கு வெளியே நின்று கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, பொண்ணு எனக்குப் போன் போட்டு அழுவறா. வீட்ல யாருமே எடுக்கறதில்லையாமா. ஒரு தடவ வசந்தமணியக் கூப்புடுங்களேன்."

"மெதுவாப் பேசுங்க" என்றார் குணசீலன். "அவ தூங்கறா. அவளா எந்திரிக்கட்டும்."

வசந்தமணி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். எதிர்வீட்டு அம்மாள் அவளைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்தாள். குணசீலன் திரும்பினார்.

"எங்க சத்தத்துலயா எந்திரிச்சுட்ட?" கேட்கும்போது அவர் முகத்தில் ஒரு கவலை இருந்தது.

"இல்ல மாமா. நானாத்தான்."

"அப்பச் சரி."

மடியில் போன் அதிர்ந்தது. அவர் எடுத்து அவளிடம் நீட்டினார். மிருதுளாவின் குரல் உடைந்துபோயிருந்தது.

"அம்மா! எத்தன தடவ கூப்புடறது? அப்பா தூங்கிட்டாரா?"

"இல்லடீ. நான் தூங்கிட்டேன்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. பிறகு அழுகையும் சிரிப்புமாக, "செத்துப் பொழச்சேன் போ. கம்ப்யூட்டரு சரியாத்தானே ஓடுது?" என்றாள்.

வசந்தமணி கூடத்து மூலையைப் பார்த்தாள். பிறகு, மணி ஒயரைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்த குணசீலனைப் பார்த்தாள்.

"ஓடுது கண்ணு" என்றாள். "சரியாத்தான் ஓடுது."